எதிர்க்கட்சி சொன்ன திசை

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் அந்தக் காலத்து எதிர்க்கட்சி ஜீப் டிரைவர். பார்த்ததுமே, "அண்ணாச்சி, அந்த நட்டு கழண்டுச்சா?" என்றார்.

தொண்ணூறுகளில் ஒரு தேர்தல். மம்சாபுரம் ரோட்டில் எங்கள் பிரசார ஜீப்புக்கு இடது சக்கரம் பஞ்சர். மண்ணெண்ணெய் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம். நட்டு அசையவில்லை.

அவ்வழியே வந்த இவர் நின்று, "இந்த ஜீப்புல இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழா இருக்கும். நீங்க இடது பக்கமாத் திருகுனா இறுகத்தான் செய்யும். வலது பக்கமாத் திருகுங்க" என்றார்.

எங்கள் ஒன்றியச் செயலாளர் பொங்கிவிட்டார். "ஏலே, அவனுக சொல்லியா நாம நட்டு கழத்தணும்? இடது பக்கமே திருகுங்கலே!"

ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி, நான்கு பேர் ஏறிக் குதித்தோம். ஐந்து நட்டும் கையோடு வந்தன, ஒவ்வொன்றும் உடைந்த பாதி போல்ட்டோடு. மைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய் ஓட்டுக் கேட்டோம்.

இதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். ஊர் வந்ததும், "பின்வாசல்ல கூட்டம். முன்வாசல்ல எறங்குங்க அண்ணாச்சி" என்றார்.

பின்வாசலில்தான் இறங்கினேன். ஒரு செருப்பு பஸ்ஸோடு போய்விட்டது.

கட்சிக் கட்டுப்பாடு என்றால் சும்மாவா? உங்கள் கட்சியில் எப்படி?