என் பக்கம் சரியாத்தான் இருக்கு

என் பெரியண்ணன் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவே, இருட்டுக் குழிக்குள், இடுப்பில் கயிறோடு தொங்கிக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தார். "மேல போறவனுக்கும் நம்மளத் தெரியாது, கீழ வர்றவனுக்கும் தெரியாது பாப்பா. நடுவுல நின்னுபோச்சுன்னா மட்டும்தான் நம்ம ஞாபகம் வரும்" என்பார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் நான் அவருக்குப் பாப்பாதான்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "யாரும் பேச்செடுக்கல, அப்படியே விட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே எங்கள் வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. அப்பா போனார், சின்னண்ணனுக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கல்யாணம் ஆனது. எல்லாவற்றுக்கும் பெரியண்ணன்தான் ஓடினார். அவருக்காக ஓட ஆள் இல்லை.

அப்பா கட்டிய வீட்டில் மாடியில் பெரியண்ணன் இருந்தார். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு கம்பி. கீழே சின்னண்ணனும் சின்னண்ணியும் அவர்கள் மகளும். சின்னண்ணன் ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். நான் அங்கிருந்து பஸ்ஸில் அரைநாள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள்.

இன்டர்நெட் இணைப்பு கீழ்வீட்டுக்குத்தான் வந்திருந்தது. அங்கிருந்த ரவுட்டரிலிருந்து, படிக்கட்டுச் சுவரோரமாக ஒரு வயரை மாடிக்கு இழுத்து, பெரியண்ணனின் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார்கள். வயர் இழுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். அந்த வயருக்குள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், எட்டும் எட்டு நிறம். அவற்றை வரிசையாக அடுக்கி ஒரு சின்ன பிளாஸ்டிக் பிளக்குக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். பிளக்கின் ஒரு பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு கொக்கி இருக்கும். நாக்கைக் கீழே வைத்துக்கொண்டு இடமிருந்து அடுக்க வேண்டும் என்றார் பெரியண்ணன். நாக்கை மேலே வைத்துக்கொண்டுதான் அடுக்க வேண்டும் என்றார் சின்னண்ணன். இருவர் சொன்னதும் சரிதான். இரண்டு முனையையும் ஒரே மாதிரி அடுக்கினால் போதும். ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் ஆனால் வரிசை தலைகீழாகி வயர் செத்துவிடும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கிடையாது. கடைசியில் பெரியண்ணன் இரண்டு முனையையும் தானே போட்டு முடித்தார். சின்னண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்தார்.

அந்த வயரில்தான் இருவரும் சாயங்காலமானால் செஸ் ஆடுவார்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. ஒரு ஆட்டம் சில நாள் இழுக்கும். நடுநடுவே மாடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும், கீழேயிருந்து ஒரு திட்டு கேட்கும்.

அப்புறம் அந்தப் பேச்சு வந்தது. சின்னண்ணன் வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மாடியில் யார் என்று கேட்டார்கள். "அண்ணன்தான். அவருக்கென்ன, தனிக்கட்டை. எந்த மூலையில போட்டாலும் கிடப்பார்" என்று சின்னண்ணன் சொல்லிவிட்டார். விருந்தாளிகள் உட்கார நாற்காலி எடுத்துக்கொண்டு வந்த பெரியண்ணன் அப்போது வாசற்படியில் நின்றிருந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் கீழே வைத்தார், மாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து உள்படியில் அவர் இறங்கவில்லை. போக வர வெளிப்படிதான். இரண்டு பேரும் கத்திச் சண்டை போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். கத்தாத சண்டைக்கு முடிவே கிடையாது.

ஆனால் ஒரு வேடிக்கை, செஸ் நிற்கவில்லை. பேச்சு இல்லை, முகம் பார்ப்பது இல்லை, சாயங்காலமானால் ஒருவர் காயை நகர்த்துவார், மற்றவர் பதிலுக்கு நகர்த்துவார். செய்தி எழுத அந்தத் திரையில் ஒரு கட்டம் உண்டு. அதில் ஒரு எழுத்துகூட இருவரும் எழுதியதில்லை.

பெரியண்ணன் கம்ப்யூட்டர் பெட்டியை வேண்டுமென்றே திருப்பி வைத்திருந்தார், அதன் முதுகு கட்டிலைப் பார்த்திருக்கும். வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. வயரின் மறுமுனையில் உயிர் இருந்தால்தான் அது எரியும். சின்னண்ணன் படுக்கப் போகும்போது ரவுட்டரை அணைப்பார்; இங்கே விளக்கு அணையும். காலையில் அவர் போட்டால் இங்கே எரியும். "அவன் எந்திரிச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டே பெரியண்ணன் டீ போடுவாராம். யாரிடம் சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அந்த விளக்கு எரியவில்லை.

ஆட்டம் அப்போது சூடான கட்டத்தில் நின்றது. சின்னண்ணனின் ராணி நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது, அடுத்து நகர்த்த வேண்டியவர் அவர்தான். சின்ன வயதில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் பலகையையே கவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். பெரியண்ணனுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. ஆனாலும் மெக்கானிக் புத்தி, சோதிக்காமல் யார் மேலும் பழி போடாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிளக்கைப் பிடுங்கி ஊதிச் செருகினார். கடைக்குப் போய் ஒரு சின்ன வயர் வாங்கி வந்து, பழைய லேப்டாப் ஒன்றை நேராகக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. ஆக, கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகுதான் எனக்குப் போன் போட்டார்.

"அவன் வயரைப் பிடுங்கிட்டான் பாப்பா."

"கீழ போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"நான் எதுக்குப் போகணும்? என் பக்கம் சரியாத்தான் இருக்கு."

சின்னண்ணனுக்குப் போன் போட்டேன். "நான் எதுக்குப் பிடுங்கறேன்? அவருதான் பிடுங்கியிருப்பாரு. என் பக்கம் சரியாத்தான் இருக்கு" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நான் இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து அனுபவிக்கும் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் இறங்கினேன். மாடியில் பெரியண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். அறை அவ்வளவு சுத்தம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. எனக்கு டீ ஊற்ற அவர் தன் டம்ளரைக் கழுவியபோது, இன்னொரு டம்ளர் வாங்கி வந்திருக்கலாமே என்று இருந்தது.

வயரைப் படிக்கட்டு முழுக்கத் தடவிப் பார்த்தேன். எங்கும் அறுபடவில்லை. கீழே போய் ரவுட்டரில் இருந்த முனையைப் பிடுங்கி போனில் படம் எடுத்து வந்து பெரியண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் போட்ட பிளக் இல்ல. அவன் வெட்டிட்டுப் புதுசு போட்டிருக்கான். நாக்கை மேல வெச்சு, அவன் வரிசையில."

"நீங்க?"

அவர் தயங்கினார். "என்னோடது பழசாகி நாக்கு உடைஞ்சிருந்துச்சு. ஒருவேளை நம்ம மேலதான் தப்போன்னு நானும் புதுசு போட்டேன்."

கதை இதுதான். பழுது முதலில் எங்கே இருந்ததோ தெரியாது. இரண்டு பேரும் வாயில் 'என் பக்கம் சரி' என்றுவிட்டு, மனசுக்குள் தப்பு நம்முடையதோ என்று பயந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தன் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அவரவர் வரிசையில். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

"அப்ப அவன் பிடுங்கல" என்றார் பெரியண்ணன். இரண்டாம் முறையும் சொன்னார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"அப்பப் போய்ச் சேர்ந்து சரி பண்ணுங்க."

மலர்ந்த முகம் உடனே சுருங்கியது. "நான் போட்டது சரி. அவன் மாத்தட்டும்."

கீழே போனேன். சின்னண்ணனும் அதையே சொன்னார். பொறுத்தது போதும் என்று, படிக்கட்டின் நடுவில் நின்று மேலேயும் கீழேயும் கேட்கிற மாதிரி திட்டினேன். "ரெண்டு பேருல எவன் விட்டுக்கொடுக்கிறானோ அவன்தான் எனக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சில நாள் கழித்துப் பெரியண்ணன் போன் போட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"நான் விட்டுக்கொடுத்துட்டேன் பாப்பா. அவன் வரிசையிலேயே மாத்திப் போட்டேன். லைட் வரல. இப்ப நிஜமாவே பிடுங்கித்தான் வெச்சிருக்கான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சின்னண்ணனை அழைத்தேன். நான் வாய் திறந்ததுமே, "அந்த வயர் பேச்சை இனிமே எடுக்காதே. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு" என்று வைத்துவிட்டார். சரி, பெரியண்ணன் சொன்னதுதான் உண்மை என்று நானும் முடிவு கட்டினேன்.

அப்புறம் அந்த வீட்டில் சாயங்காலங்கள் வெறுமனே வந்து போயின. பெரியண்ணன் விளக்கைப் பார்ப்பதை விடவில்லையாம். எரியாது என்று தெரிந்தும் காலையில் கண் அங்கேதான் போகுமாம். டீ போடும்போது சொல்ல ஒன்றும் இல்லை என்றார்.

அந்த வருஷக் கடைசியில் சின்னண்ணிக்கு முழங்கால் மோசமாகி, மகள் தன் ஊருக்கே இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். வெகுதூரம், திரும்பி வரும் உத்தேசம் இல்லை. வண்டியில் ஏறுமுன் சின்னண்ணன் உள்படியின் கீழே கொஞ்ச நேரம் நின்றாராம். சின்னண்ணி சொன்னாள். மேலே பெரியண்ணன் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். இதை அவரே சொன்னார். அவன் ஒரு குரல் கொடுத்தால் இறங்கலாம் என்று இவர் நினைத்தார். இவர் கதவு திறந்தால் ஏறலாம் என்று அவர் நினைத்திருப்பார். வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

கீழ்வீட்டுக்குக் குடிவைக்க ஆள் பார்த்தபோது, கூட்டிப் பெருக்க நான் போனேன். பெரியண்ணன் துடைப்பத்தோடு கூட வந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு முதல்முறையாக உள்படியில் இறங்கினார். பொருளெல்லாம் போய், சுவரில் அலமாரி இருந்த தடம் மட்டும் இருந்தது. மூலையில் ரவுட்டர் இருந்தது. அதன் மேல் தூசி படாமல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. இணைப்பையும் வெட்டவில்லை.

வயர் அதில் செருகித்தான் இருந்தது.

பெரியண்ணன் அதைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். பிளக்கை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே?"

"இது என் வரிசை பாப்பா."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நான் திட்டிவிட்டுப் போன பிறகு பெரியண்ணன் தம்பியின் வரிசைக்கு மாறியிருக்கிறார். சின்னண்ணன் அண்ணனின் வரிசைக்கு மாறியிருக்கிறார். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, மறுபடியும் தலைகீழாகி, மேலேயும் கீழேயும் எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டு, மற்றவர் நம்மை வேண்டாம் என்கிறார் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரியண்ணன் எழுந்து மாடிக்குப் போனார். நான் கீழ்முனையைச் செருகி ரவுட்டரைப் போட்டேன். மேலே அவர் தன் முனையை வெட்டும் சத்தம் கேட்டது, பிறகு இறுக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ரவுட்டரில் வயருக்கு மேலே விளக்கு சிமிட்டிவிட்டு நிலைத்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் தாங்கவில்லை. சின்னண்ணன் நம்பரை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் திணித்தேன்.

"பாப்பா, சொல்லு" என்றது சின்னண்ணன் குரல்.

"நான்தான்டா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது.

"லைட் எரியுதுடா. நீ என் வரிசையில போட்டிருந்த. நான் உன் வரிசையில போட்டிருந்தேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இப்ப நான் அங்க இல்லையேண்ணே."

"தெரியும்."

"ஆட்டம் எங்க நின்னுச்சுன்னுகூட மறந்துபோச்சு."

பெரியண்ணன் எழுந்து போய்த் திரையைத் துடைத்தார். சேமித்து வைத்திருந்த பலகை அதில் அப்படியே நின்றது.

"எனக்கு ஞாபகம் இருக்கு. உன் ராணி மாட்டியிருக்கு, நீதான் நகத்தணும்" என்றார். "அவசரமில்ல, நல்லா யோசிச்சே சொல்லு. எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல."