எதிர்க்கேள்வி டீச்சரின் குரல்

மாலை நாலேகாலுக்குச் செய்தி வந்தது. அத்தான் போனில் "உங்க அக்கா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ போனை வாங்கி முடித்தார்கள். வேலை தேடிப் போன பள்ளியின் மாடிப்படியில் அக்கா சரிந்து விழுந்திருந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். நின்றதாம்! அதை நிறுத்தியவர் யார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா கணக்கு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் எதிர்க்கேள்வி டீச்சர். எந்தச் சந்தேகம் கேட்டாலும் விடை சொல்ல மாட்டாள். "நீ என்ன நினைக்கிறே? முதல்ல அதைச் சொல்லு கண்ணு" என்பாள். வீட்டிலும் அதே கதைதான். சாப்பாடு ஆயிற்றா என்று அத்தான் கேட்டால், "அடுப்பைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?" என்பாள்.

"உன்கிட்ட ஒரு வாய் சாப்பிடறதுக்கே பரீட்சை எழுதணும்டி" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருடம் அவள் பள்ளியில் ஒரு செயலி வாங்கினார்கள். பிள்ளைகளின் சந்தேகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லும். பழகிய குரலாக இருந்தால் பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள் என்று தாளாளர் அக்காவைக் கேட்டார். விடுமுறை முழுக்க, இரைச்சலுக்காக மின்விசிறியை நிறுத்திவிட்ட ஆய்வகத்தில், வேர்க்க விறுவிறுக்கப் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். விடையை ஊட்டிவிடும் கருவி பிள்ளைகளை மழுங்கடித்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் செயலியும் தன்னைப் போலவே திருப்பிக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கேட்டது கிடைத்தது. பள்ளி திறந்ததும், செயலி இருக்கும்போது இத்தனை டீச்சர்கள் எதற்கு என்று அவளை வெளியே அனுப்பினார் தாளாளர். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரமும் அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் அக்கா பேசினாள்.

"அவசரப்படாதே கண்ணு, மறுபடி பாரு."

ஓடிப் போய்ப் பார்த்தேன். அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கைக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுப்பாடத்தைச் செயலியில்தான் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது பள்ளியின் விதி.

தாளாளரின் குளிர்ந்த அறைக்குப் போனேன்.

"அக்கா குரலை அதிலேருந்து எடுத்துடுங்க சார். பெத்த பொண்ணே அதைக் கேட்டுக்கிட்டு கணக்குப் போடுறா."

"புரியுதும்மா. ஆனா அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. இதை ஒரு அஞ்சலியா நினைச்சுக்கோங்க."

"அஞ்சலிக்குக் கட்டணம் வாங்கறது நீங்கதான் சார்."

அவர் சிரித்தார். "வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கம்மா."

அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பிடுங்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் செயலியை மேடையேற்றிக் காட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அக்கா மகளின் வீட்டார் என்ற உரிமையில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"யார் வேணும்னாலும் கேள்வி கேட்கலாம்" என்றார் தாளாளர். நான் எழுந்து மைக்கை வாங்கினேன்.

"டீச்சர், உங்க குரலை எடுத்துக்கிட்டு உங்களை ஏன் வேலையை விட்டு அனுப்பினாங்க?"

அரங்கம் முழுக்க அக்காவின் குரல் ஒலித்தது. "நல்ல கேள்வி கண்ணு! நீ என்ன நினைக்கிறே? முதல்ல அதைச் சொல்லு."

சொன்னேன். ஆய்வகம், மாடிப்படி, வீட்டுப்பாடம், ஒன்று விடாமல் சொன்னேன். தாளாளர் மைக்கைப் பிடுங்க வந்தார்.

"டீச்சர் கேட்டிருக்காங்க, பதில் முடியட்டும். நீங்க உட்காருங்க சார்!" என்று பின்வரிசையில் ஒருவர் அதட்டினார்.

நான் முடித்ததும் அக்கா குரல், "அருமை! அடுத்த படி என்ன?" என்றது.

"குரலை எடுக்கணும்" என்று ஒரு பெண் எழுந்தாள். "இல்லேன்னா எங்க பிள்ளைங்க வேற பள்ளிக்கூடத்துக்குப் போவாங்க." அவளைத் தொடர்ந்து பலர் எழுந்தார்கள். தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதை ஆற அமரப் பார்த்து ரசித்தேன்.

அந்த வாரமே குரலை மாற்றினார்கள். அக்கா மகள் கைக்கணினியை என் மடியில் வைத்தாள்.

"சித்தி, இது யாரு பேசறது?"

"அம்மாவை வச்சு அவங்க பிழைக்கக் கூடாதுடா. அதான் எடுக்க வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நான் வேணும்னேதான் தப்பாப் போடுவேன். தப்பாப் போட்டாத்தான் அம்மா நிறையப் பேசுவா."

இதற்கும் சேர்த்துத்தான் அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும். நான் விடப் போவதில்லை.

குரல் மாறிய அன்று அவள் போட்டுக்கொண்டிருந்தது வட்டத்தின் பரப்பளவு. அந்தக் கணக்கு இன்னும் பாதியில் நிற்கிறது.