ஒரு ஃபேன், நான்கு பாய்கள்

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் தடாவை நெருங்கும்போது ராணிக்கு போன் வந்தது. பேசி முடித்தவள் என் பக்கம் திரும்பாமலே, “சுமதி அக்கா பூட்டாங்கடி” என்றாள். காய்ச்சல் என்று சொந்த ஊரான சாந்திபுரத்துக்குப் போயிருந்தவர், அங்கேயே இறந்துவிட்டார். பஸ் நின்றதும் எல்லோரையும் போல இறங்கி நடந்தோம். அழக்கூட உடம்பில் தெம்பில்லை.

கம்பெனியில் அக்காவோடு அசெம்பிளி லைனில் நின்ற தோழிகளே, உங்களுக்கு அவர் வேலை தெரியும். சாயங்காலத்தில் வீட்டுக்காரம்மாவின் மகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் அவர் கணக்கு சொல்லித் தந்தது தெரிந்திருக்காது. எல்லாம் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகள். ஷிப்ட் முழுக்க நின்ற கால்களோடு வந்து, வாசல் சுவரில் சாய்ந்தபடியே நடத்துவார்.

எங்கள் வாடகை அறையில் அக்கா, ராணி, தேவி, நான் என நான்கு பேர், ஃபேன் ஒன்று. அதற்கு நேர்க் கீழே யார் படுப்பது என்று தினமும் சண்டை. ஒருநாள் அந்தச் சண்டையையே பாடமாக்கினார். தன்னையும் சேர்த்து எங்களை வரிசையாக நிறுத்தி, “நாங்க நாலு பேரு எத்தினி விதமா படுக்கலாம், சொல்லுங்க” என்றார். முதல் பாய்க்கு நான்கு பேரில் யாரும் வரலாம். அடுத்ததற்கு மூன்று பேர், பிறகு இரண்டு, கடைசியில் ஒருத்தி. பெருக்கினால் இருபத்து நான்கு.

“இதான் ஃபேக்டோரியல். நாலு போட்டு பக்கத்துல ஆச்சரியக்குறி.”

“அதுல இன்னா ஆச்சரியம் அக்கா?” என்றான் ஒருவன்.

“ராணி வாயை மூடிக்கினு ஃபேனை வுட்டுக் குடுத்தா, அது ஆச்சரியந்தான்.”

இன்னொரு நாள் கம்பினேஷன். கடையிலிருந்து தண்ணீர் கேன் தூக்கிவர இரண்டு பேர் வேண்டும். “ராணியும் தேவியும் போனாலும், தேவியும் ராணியும் போனாலும் வர்றது ஒரே கேனு. படுக்கறதுக்கு வரிசையப் பாரு; தூக்கறதுக்கு ஆளைப் பாத்தா போதும்.”

நான் ஒன்பதாவதோடு நின்றவள். யாராவது பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. “பேச வராட்டி நின்னு காட்டு” என்பார் அக்கா. அவர் நிறுத்திய இடத்தில் நிற்பேன்.

அவர் போன மறுவாரம் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “யாருனா சொல்லிக் குடுத்தா வரட்டும். இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம்” என்றார் வீட்டுக்காரம்மா. ராணி என்னை முன்னால் தள்ளினாள்.

எட்டாவது படிக்கிற கீர்த்தனா சும்மா கணக்காகத்தான் கேட்டாள். “இப்ப மூணு பேருதானே அக்கா? எத்தினி விதமா படுப்பீங்க?”

ராணியையும் தேவியையும் இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன். இடம் மாறி மாறி நின்று காட்டினோம். ஆறுதான் வந்தது. ஒருத்தி போனால் கொஞ்சம் குறையும் என்று நினைத்திருந்தேன்.

“இவ்ளோ கொறஞ்சிடுதா?” என்றாள் கீர்த்தனா.

“ஆமாம்மா” என்றேன்.

ஃபேனுக்காக இப்போது நாங்கள் சண்டை போடுவதில்லை. கால் வலிக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் அக்கா சாய்ந்த சுவரில் சாய்ந்துகொள்கிறேன். பேச வராதபோது நின்று காட்டுவது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள்.