மூத்தாளுக்கு ராணி வெட்டி வைத்த கல்

ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் லட்சுமியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். வேர்க்கடலையை மல்லாட்டை என்கிற ஊரில் ஆறு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, ஒரு கிணறு, வாய் நிறைய வீறாப்பு. அவள் ராஜ்ஜியம் இவ்வளவுதான். நடை மட்டும் பட்டத்து ராணி நடை.

புருஷன் மேலவீட்டுக்காரன், ஊருக்குப் பெரியதனம். கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவன் தலைக்குத்தான் கட்டுவார்கள். எழுபத்தைந்தாம் வருஷம் செத்துப்போனான். மூத்தாள் லட்சுமியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. இளையாள் வெள்ளையம்மாளுக்குப் பெரியதம்பி என்று ஒரு மகன். வேறு வீடாக இருந்தால் அவன் தலையில் துணியைக் கட்டிவிட்டு அவரவர் சோலியைப் பார்த்திருப்பார்கள். இவள் விடுவாளா? திண்டிவனத்திலிருந்து தம்பி மகன் சின்னதுரையைக் கூட்டிவந்து சுவீகாரம் எடுத்தாள். அவன் தலையில் பரிவட்டத்தைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அந்தத் துணி பூசாரியின் தாம்பாளத்திலேயே கிடந்தது.

அவளுக்கு இருந்த ஒரே ஆதாரம் கோயில் சுவரில் ஒரு கல்லெழுத்து. எந்தக் காலத்திலோ எந்த ராஜாவின் பெண்சாதியோ வெட்டி வைத்தது.

"மூத்தாளு வம்சத்துக்குத்தான் மரியாதன்னு ராணியே வெட்டி வச்சிருக்கா. எளையாளுக்கு அந்தக் கல்லத் தொடக்கூட பாத்யத கெடையாது" என்று பதினொரு வருஷம் கத்தினாள். அதில் ஓர் எழுத்தை அவளும் படித்ததில்லை, ஊரில் எவனும் படித்ததில்லை. படிக்காததைச் சத்தியம் செய்து சொல்லத் தனித் தைரியம் வேண்டும்.

எண்பத்தாறில், பங்குனிக் கொடியேற்றத்துக்கு முன்னால், கல் சொன்னபடி நடப்பது என்று பஞ்சாயத்தில் முடிவானது. கல்லெழுத்துப் படிக்கும் விருத்தாசலம் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். சுண்ணாம்புப் பொடியைத் தடவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"ராணிதாம்மா. புருஷன் போனப்புறம் சக்களத்தி மகன் பட்டத்துல ஏறிட்டான். தன் மகன் ஏறணும்னு வேண்டிக்கினு, கோயில்ல ஒரு வெளக்கு எரிய தொண்ணூத்தாறு ஆடு குடுத்திருக்கு."

"பாத்தீங்களா! மூத்தாளு வயித்தெரிச்சல் மூத்தாளுக்குத்தான் தெரியும்" என்றாள் லட்சுமியம்மாள். "எங்க வம்சம் இருக்குதா?"

"இருக்குது. ஆட்ட ஓட்டிக்கினு போனவன் ஒங்க மேலவீட்டான். அதுக்குப் பதிலா அவனும் அவன் வம்சமும் சந்திரன் சூரியன் உள்ளவரைக்கும் தெனம் ஒரு ஒழக்கு நெய் ஊத்தணும்."

"பரிவட்டம்?"

"அந்தப் பேச்சே இல்லம்மா."

"ஆடெல்லாம் செத்து எந்தக் காலமாச்சு!"

"இந்த ஆடு சாவாது, கெழடாவாதுன்னு கல்லுலியே வெட்டியிருக்குது."

பெரியதம்பி சிரித்துவிட்டான். "கல்லு ஒங்களுதுதான் பெரியம்மா. நான் தொட்டனா?"

பஞ்சாயத்துத் தலைவர் முருகையன் எழுந்தார். "அண்ணி, கல்லு பேச்சக் கேக்கறேன்னு நீங்கதான் சொன்னீங்க. நெய் ஊத்தற வூட்டுக்குப் பரிவட்டம். ஊத்துறீங்களா?"

பதினொரு வருஷம் கேட்டது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பரிவட்டத்துக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியோடு சின்னதுரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மகாராணி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"மல்லாட்ட எண்ணெ ஊத்தனா ஆவாதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"எவளோ ஒருத்தி என்னிக்கோ ஆடு குடுத்தா, அதுக்கு நான் அழுவணுமா? அந்த ராணி யாருன்னே எனக்குத் தெரியாது!"

"அப்ப நான் ஊத்தறேன்" என்று பெரியதம்பி தலையைக் குனிந்தான். பூசாரி அங்கேயே கட்டிவிட்டார். அவன் மட்டும் பெரிய யோக்கியனா? கொடி இறக்கிய மறுநாளே விளக்கு அணைந்தது. அது வேறு கேவலம்.

சின்னதுரை அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒரு ஒழக்கு நெய்க்கு என்ன வித்துட்டியே அத்த" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான்.

அவள் தெருமுனை வரை துரத்திக்கொண்டு ஓடி, "பட்டு வேட்டிய அவுத்து வச்சுட்டுப் போடா!" என்று கத்தினாள்.