வெள்ளி இடுப்புப்பட்டி

மல்கிரேவ் என்ற புறநகரில் தொண்ணூறை நெருங்கிய ஒரு ஹங்கேரிக்கார மூதாட்டியைப் பராமரிக்க வாரத்தில் மூன்று நாள் காலையில் போய்வந்தேன். அவருக்கு நினைவு வந்து வந்து போகும்.

அவருடைய அலுமாரியில் சிவப்பு வெல்வெட்டில் சுற்றிய ஒரு வெள்ளி இடுப்புப்பட்டி இருந்தது. அகலமான தகடுகள், அவற்றில் நீலமும் சிவப்புமாகக் கற்கள். “அப்பா விழாவுக்குக் கட்டுறவர். இதைப் பாத்தாலே பெரிய குடும்பம் எண்டு தெரிஞ்சிடும்” என்று ஒருநாள் சொன்னார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம்தான். என் மனதில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது.

ஒருநாள் புகை அலாரம் பரிசோதிக்கச் சீருடையில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். யன்னலால் பார்த்தவருக்கு முகம் வெளிறிவிட்டது. பட்டியை எடுத்து என் கையில் திணித்தார்.

“ஒளிச்சு வை. இதைக் கண்டா லொறியில ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள்.”

அவர்கள் யாரென்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இயக்கத்துக்குப் போன அண்ணாவின் படத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பதினாலு வயதில் ஆமியின் காவலரணில் சோதனைக்கு நின்றவள் நான். மேற்சட்டைக்குள் பட்டியைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

பத்து நிமிடத்தில் அவர்கள் போய்விட்டார்கள். நான் பட்டியைக் கழற்றுவதற்குள் மூதாட்டியின் மகள் வந்து, வெறும் வெல்வெட்டைக் கண்டுவிட்டார்.

“இதுக்குள்ள இருந்தது எங்க?”

அப்போது எனக்குத் தற்காலிக விசா. ஒரு புகார் போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டையை உயர்த்திக் காட்டினேன். “உங்கட அம்மாதான் ஒளிக்கச் சொன்னவ.” எனக்கே அது கள்ளியின் கதைபோலக் கேட்டது.

கட்டிலில் இருந்த தாய் தங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவங்கள் போயிட்டாங்களோ எண்டு கேக்கிறா” என்றார் என்னிடம். “அம்மா சின்னப் பிள்ளையா இருக்கேக்க கம்யூனிஸ்ட் ஆட்சியின்ர பொலிஸ்காரங்கள் வந்து வீட்டைச் சோதிச்சவங்கள். வெள்ளிப் பொத்தானையும் மேலங்கிச் சங்கிலியையும் கண்டு, மேட்டுக்குடி எண்டு சொல்லிக் குடும்பத்தையே ஊரை விட்டுக் கொண்டுபோனவங்கள். இந்தப் பட்டி மட்டும்தான் தப்பினது.”

பட்டியின் கொளுக்கி இறுகிப்போயிருந்தது. மகள் குனிந்து தானே கழற்றிவிட்டார். என் இடுப்பில் தகடுகளின் அச்சு சிவந்து கிடந்தது.

அவர் புகார் செய்யவில்லை. ஆனாலும் இரண்டு கிழமையாக, என்னை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயந்தேன்.