பூஜைக்கு நிறுத்திய குளிர்ப்பெட்டி

மாமல்லபுரம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். வெளியே உப்புக்காற்று, வெயில். உள்ளே மைனஸ் நாற்பது டிகிரியில் ஒரு குளிர்ப்பெட்டி. லடாக் பனியிலும் வேலை செய்கிற தண்ணீர் பேட்டரி செய்கிறோம் என்றால், சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருக்கும் என் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். "இங்க ஃபேன் ஓடவே கரண்ட்டக் காணோம், உனுக்கு இன்னாத்துக்குப் பனி?"

தண்ணீரை உறையாமல் வைப்பதுகூடப் பரவாயில்லை, உப்பை அள்ளிக் கரைத்தால் பாதி வேலை முடிந்தது. பாடாய்ப் படுத்துவது மின்முனைதான். குளிரில் அது மின்சாரத்தை வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அடம்பிடிக்காத ஒரு பாலிமர் மின்முனையைச் செய்தவள் என் கூட்டாளி, கருங்குழிக்காரி. அவளுடைய பேட்டரி செல்கள் மாதக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சோதனை ஓட்டம் அறுபடாமல் முடிந்தால், குளிர்காலத்தில் லடாக்கில் சோதிக்கும் வேலை அவளுக்கு. இல்லையென்றால் எனக்கு. என் மின்முனை சுமார்தான், ஆனால் அதன் ஓட்டம் முடிந்திருந்தது.

ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குக் கிளம்பினாள். "செல்லைப் பாத்துக்கோடி" என்றாள். "நான் இருக்கேன், போ" என்றேன்.

பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜை போட்ட மெஷின் ஓடக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கிரைண்டரைக்கூடத் தொட விடமாட்டார்கள். அவளுடைய செல்கள் உள்ளே இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும். கதவு மூடித்தானே இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று பெட்டியை அணைத்தேன். பிறகு பொரியும் சுண்டலும் கொடுக்கப் போய், வாயடித்துக்கொண்டே நின்றுவிட்டேன். படித்த கழுதை!

திரும்பி வந்து கதவைத் திறந்தால், பனி உருகிச் செல்களின் இணைப்புகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஷார்ட்டாகிப் போயிருந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அங்கேயே நின்று அவளுக்குப் போன் செய்து, அழுதுகொண்டே சொன்னேன்.

 "சாமிக்குத்தான நிறுத்தின? வுடுடி. மறுபடி போட்டுக்கலாம்" என்றாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அவள் மறுபடி போட்டு முடிக்கும்வரை குளிர்காலம் காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

"அவளையே அனுப்புங்க சார்" என்று எங்கள் பேராசிரியரிடம் கெஞ்சினேன். "எந்த செல்லை வச்சு அனுப்பறது?" என்று கேட்டார். நான் போவதென்று முடிவானது. உண்மையைச் சொன்னால், அப்போது மனசின் ஒரு மூலை சந்தோஷப்பட்டது. பாவி, அதை நினைத்தால்தான் இன்னும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே புது ஸ்வெட்டர், விலைச்சீட்டுகூடப் பிய்க்காதது.

"எனுக்குன்னு எடுத்து வச்சது. அங்க குளிரும்டி, போட்டுக்கோ."

ரயில் கிளம்பியதும் போட்டுக்கொண்டேன். நெரிசலில் வேர்த்துக் கொட்டியது. ஊரப்பாக்கம் தாண்டியும் கழற்றவில்லை.