பிறந்த வீட்டு விளக்கு

லுவான் மெய்க்குக் கோபம் வந்த அன்று ஷான்தோங் மாகாணத்தில் ஏழு ஊர் இருண்டது. சரி, ஏழு கொஞ்சம் கூடுதல். எங்கள் ஊர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் மட்டும் ஒரு குன்றிமணி குறைக்க மாட்டேன்.

மெய் சிங்தாவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பதினொரு வருடம் அடித்த புருஷனை அந்த இலையுதிர் காலத்தில்தான் விவாகரத்து செய்திருந்தாள். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில் அம்மா வீட்டில் வந்து இறங்கியவள், ஏணியில் ஏறி வாசலில் சிவப்பு விளக்குகளைக் கட்டினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்து ராத்திரி விருந்துக்கு முந்நூறு கொழுக்கட்டை பிடித்தாள். அதுவரை யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொழுது இருட்டி, கடைசிக் கொழுக்கட்டையின் வாய் மூடியதும்தான் தம்பி ஷெங்கின் வாய் திறந்தது.

"அக்கா, டவுன்ல லாட்ஜ் ரூம் போட்டிருக்கேன். ஹீட்டர் எல்லாம் இருக்கு. நாளன்னைக்கு வந்துடு."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியாததா? கட்டிக்கொடுத்த பொண்ணு வருஷக் கடைசி ராத்திரியில பொறந்த வீட்டு விளக்கைப் பார்த்தா மாமனார் செத்துப்போவாராம்."

"எனக்குத்தான் மாமனாரே இல்லையேடா. கையெழுத்துப் போட்டு அறுத்துட்டு வந்தாச்சு. இப்ப யாரு சாவா?"

ஷெங் தலையைச் சொறிந்தான். "அப்ப... கூடப் பொறந்தவனுக்கு ஆகாதுங்கிறாங்க."

"ஓ. காலியா கெடந்த எடத்துக்கு நீ வந்துட்டியா."

விளக்கைக் கட்டலாமாம், பார்க்கத்தான் கூடாதாம். மெய் அம்மா பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. நான் போகட்டுமா?"

அம்மா மாவுப் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஊர் வழக்கம்டி."

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் போனில், "பொறுத்துப் போ" என்று சொன்ன அதே குரல். மெய் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டி உதறினாள். புருஷன் வீட்டில் இருந்தால் அடி, விட்டு வந்தால் லாட்ஜ். நடுவே ஒரு பெண் நிற்க, வழக்கம் போட்ட எந்த மகராசனும் ஒரு சாண் இடம் மிச்சம் வைக்கவில்லை. மாவு பிசைய மட்டும் தாராளமாக இடம் உண்டு.

கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கேதான் மெயின் சுவிட்ச்.

"விளக்கைத்தானே பார்க்கக் கூடாது?"

ஒரே இழுப்பு. வீடு, முற்றம், அவள் கட்டிய சிவப்பு விளக்குகள், ஊர் மொத்தமும் அணைந்தது.

"இப்ப எந்த விளக்கைடா பார்க்கிறேன்? தண்ணி கொதிக்குது, கொழுக்கட்டையைப் போடு."

இருட்டில் ஷெங் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த வாயில் சூடாக ஒரு கொழுக்கட்டை வந்து விழுந்தது. முந்நூறும் தீரும்வரை மெய் நடுவீட்டில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

நான் இதைச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மெய் தலை நிமிர்ந்தாள்.

"ஊர் இருட்டாகல பெரியம்மா, எங்க வீடு மட்டுந்தான். மெயின் சுவிட்சும் வாசல்ல இல்ல, அடுப்படிக்குள்ள இருக்கு. நான் அதைத் தொடவே இல்ல, பையைத் தூக்கிட்டுத் தெருவுக்கே போயிட்டேன். திரும்பிப் பார்த்தா வீடு இருட்டு. 'அக்காவைக் கூப்பிடுடா, இங்க விளக்கு இல்ல'ன்னு அடுப்படியிலேருந்து அம்மா குரல் மட்டும் கேட்டுச்சு."